விடிய விடிய நடக்கும் நாடகம்: வட மாவட்டக் கூத்து எப்படி இயங்குகிறது?

தெருக்கூத்து என்றதும் நகரத்தில் பலர் முதலில் சொல்வது "அழிந்துவரும் கலை" என்பதைத்தான். பள்ளிக் கட்டுரைப் போட்டியிலும் இதே வரி, பொங்கல் சிறப்பு நிகழ்ச்சியிலும் இதே வரி. இப்படிச் சொல்பவர்கள் சித்திரை, வைகாசியில் ஒரு ராத்திரி செய்யாறு, வந்தவாசி, ஆரணிப் பக்கம் போயிருக்க மாட்டார்கள். போயிருந்தால் திரௌபதி அம்மன் கோயில் முன்னால் பாய் விரித்து, பிள்ளைகளை மடியில் போட்டுக்கொண்டு, விடியும்வரை உட்கார்ந்திருக்கும் கூட்டத்தைப் பார்த்திருப்பார்கள்.

கூத்தைப் பாராட்டுகிறவர்களும் அதைச் சரியாகப் புரிந்துகொள்வதில்லை. வயல் வேலைக் களைப்புத் தீர ஆடுவது, ஒத்திகை இல்லாமல் வாய்க்கு வந்ததைப் பேசி ஒப்பேற்றுவது, சாமிக்காகக் காசு வாங்காமல் ஆடுவது என்று மூன்று கருத்துகள் எங்கும் உலவுகின்றன. மூன்றுமே தவறு. கூத்து ஒரு தொழில்முறை நாடகம். அதற்குப் பருவம் உண்டு, ஒப்பந்தம் உண்டு, வருஷக்கணக்கில் பயிற்சி உண்டு, கறாரான ரசிகர்கள் உண்டு. யார் ஆடுகிறார்கள், யார் பணம் கொடுக்கிறார்கள், ஒரு ராத்திரியில் என்னதான் நடக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம். கூத்தைப் பற்றி முன்னதாக எதுவும் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

## எந்தப் பக்கத்துக் கலை?

தமிழ்நாடு முழுக்க ஒரே மாதிரி கூத்து கிடையாது. இங்கே பேசப்போவது வட மாவட்டங்களின் கூத்து: காஞ்சிபுரம், செங்கல்பட்டு, ராணிப்பேட்டை, வேலூர், திருவண்ணாமலை, விழுப்புரம், கடலூர் வட்டாரங்கள், புதுச்சேரியைச் சுற்றிய ஊர்கள். மேற்கே தருமபுரி, கிருஷ்ணகிரி, சேலம் பக்கமும் கூத்து உண்டு. ஆனால் அங்கே பாணி வேறு.

வட மாவட்டங்களுக்குள்ளேயே வடக்கத்திப் பாணி, தெற்கத்திப் பாணி என்று பிரித்துச் சொல்வார்கள். பாடும் சுருதி, ஆடும் அடவு, தலையில் வைக்கும் கிரீடத்தின் வடிவம் வரை இரண்டுக்கும் வித்தியாசம் இருக்கும். பார்த்துப் பழகிய ஊர்க்காரர் ஒருவர், நடிகர் திரைக்குப் பின்னாலிருந்து நாலு வரி பாடுவதற்குள் "இது எந்தப் பக்கத்து ஆட்டம்" என்று சொல்லிவிடுவார். காஞ்சிபுரம் வட்டாரக் கலைஞர்கள் பலர் தங்கள் கலையைக் கட்டைக்கூத்து என்றே அழைக்கிறார்கள். கூத்து என்று மட்டும் சொன்னாலும் எல்லா ஊரிலும் புரியும்.

## ஜமா: கல்யாணச் சமையல் குழுவை நினைத்துக்கொள்ளுங்கள்

கல்யாணத்துக்குச் சமைக்க வரும் குழு எப்படி வேலை செய்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். தலைமைச் சமையல்காரர் ஒருவர். அவர் பெயரைச் சொல்லித்தான் குழுவை அழைப்பார்கள். முகூர்த்த மாதங்களில் ஒரு நாள்கூட ஓய்வு இருக்காது, ஆடியிலும் மார்கழியிலும் வேலை இருக்காது. தேதி முடிவானதும் முன்பணம் கைமாறும். குழுவில் ஒவ்வொருவருக்கும் தனி வேலை, தனிக் கூலி. நல்ல கைப்பக்குவம் உள்ளவரை அடுத்த வருஷம் வேறு குழு இழுத்துக்கொள்ளும். சாப்பிட்டவர்கள் சொல்லும் பேச்சுத்தான் விளம்பரம்.

கூத்துக் குழுவும் ஏறக்குறைய இப்படித்தான் நடக்கிறது. அதற்கு ஜமா என்று பெயர். நாடக மன்றம், சபா என்றும் சொல்வார்கள். ஆடுபவர், மேளக்காரர், பின்பாட்டுக்காரர் என்று ஒரு ஜமாவில் பத்துப் பதினைந்து பேர் இருப்பார்கள். தலைவர் வாத்தியார். பாட்டு, அடவு, வசனம் எல்லாம் சொல்லிக்கொடுப்பவர் அவர். யாருக்கு என்ன வேஷம் என்று முடிவெடுப்பவரும் அவர்தான்.

ஊர்ப் பெரியவர்கள் வாத்தியாரைத் தேடிவந்து நாள் குறிப்பார்கள். சில வட்டாரங்களில் ஏஜென்ட் மூலமாகவும் பேச்சு நடக்கும். எந்த ராத்திரி, என்ன கதை, எவ்வளவு தொகை என்று பேசி முடித்ததும் வெற்றிலை பாக்கோடு முன்பணம் வைத்துக் கொடுப்பார்கள். இதற்குத் தாம்பூலம் என்று பெயர். தாம்பூலம் வாங்கிவிட்டால் அந்த நாளுக்கு வேறு ஊரில் ஒப்புக்கொள்ள முடியாது. காகிதத்தில் கையெழுத்து இருக்காது, ஆனால் பேச்சு மாறினால் அந்தச் சுற்றுவட்டாரம் முழுக்கப் பெயர் கெட்டுப்போகும்.

ஜமாவுக்குள்ளும் ஓர் ஒப்பந்தம் உண்டு. சீசன் தொடங்கும் முன் நடிகர் ஜமாவை நடத்துபவரிடம் ஒரு தொகையை முன்பணமாக வாங்குவார். அந்தச் சீசன் முழுக்க அந்த ஜமாவில்தான் ஆடுவேன் என்பதற்கு அதுதான் ஈடு. அதற்குமேல் ராத்திரிக்கு இவ்வளவு என்று சம்பளம். பெரிய வேஷம் கட்டுபவருக்கும் நல்ல குரல் உள்ளவருக்கும் கூடுதலாகக் கிடைக்கும். அரசன் வருகையை அறிவித்து, கோமாளியாகவும் பேசிக் கூட்டத்தைக் கட்டிப்போடும் கட்டியக்காரனுக்கும் அப்படியே. அந்த முன்பணம் மழைக்காலத்தில் குடும்பத்தைக் காப்பாற்றும். கணக்கு முடியாமல் அடுத்த சீசனுக்கும் அதே ஜமாவில் மாட்டிக்கொள்ள வைப்பதும் அதுதான். கூத்துக் கலைஞர்களின் வறுமை பற்றிப் பேசுகிறவர்கள் இந்த முன்பணக் கணக்கைப் பேசாமல் விட்டால் பாதிதான் பேசியிருக்கிறார்கள் என்பேன்.

## டிக்கெட் இல்லை, ஆனால் இலவசமும் இல்லை

பார்க்க வருபவர் யாரும் டிக்கெட் வாங்குவதில்லை. அதனால்தான் இதை இலவச நிகழ்ச்சி என்று வெளியிலிருந்து வருபவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். ஊர்க்காரரைக் கேட்டால் தன் வீட்டுப் பங்கு எவ்வளவு என்று சொல்லிவிடுவார்.

வழக்கமாகத் திருவிழாச் செலவுக்குத் தலைக்கட்டு வரி போடுவார்கள். தலைக்கட்டு என்றால் ஒரு குடும்பம். ஊரில் இத்தனை தலைக்கட்டு, ஒவ்வொன்றுக்கும் இவ்வளவு என்று கணக்குப் போட்டு வசூலிப்பார்கள். இது தவிர, ஒரு ராத்திரிக் கூத்தை ஒரு குடும்பமோ ஒரு தெருவோ தன் செலவில் ஏற்றுக்கொள்வதும் உண்டு. அதற்கு உபயம் என்று பெயர். "இன்றைய கூத்து இன்னார் உபயம்" என்று மைக்கில் சொல்லும்போது அந்தக் குடும்பத்துக்குக் கிடைக்கும் கௌரவம் சாதாரணமானதல்ல. ஆட்டத்தின் நடுவே பார்வையாளர்கள் கொண்டுவந்து தரும் அன்பளிப்பு தனி. கொடுத்தவர் பெயரையும் தொகையையும் மேடையிலேயே சொல்லி வாழ்த்திவிட்டுத்தான் கதை மேலே நகரும்.

ஒரு காலத்தில் இந்த ஏற்பாடே வேறாக இருந்தது. குறிப்பிட்ட சில குடும்பங்களுக்கு ஊர்க் கோயிலில் ஆடுவது பரம்பரைக் கடமை. அதற்கு ஈடாக அறுவடையில் தானியம் கிடைக்கும். அந்தக் கடமை ஊரின் சாதி அடுக்கோடு பின்னிக் கிடந்தது. பிறகு மெல்ல மெல்ல அது பணம் பேசி ஆடும் தொழிலாக மாறியது. கூத்தை நீண்டகாலம் ஆராய்ந்த ஹன்னே டி ப்ரூயின் இந்த மாற்றத்தை விரிவாக எழுதியிருக்கிறார். தானியம் போய்ப் பணம் வந்ததைச் சிலர் சீரழிவாகப் பார்க்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கடமைக்கு ஆடியவர் ஊர் சொன்ன இடத்தில் நிற்க வேண்டியிருந்தது. தாம்பூலம் வாங்கி ஆடுபவர் தன் தொகையைத் தானே சொல்ல முடிகிறது.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: ஜமா என்பது வாத்தியார் தலைமையில் இயங்கும் தொழில்முறைக் குழு. ஊர் வரி, உபயம், அன்பளிப்பு மூன்றிலிருந்தும் பணம் வருகிறது. தாம்பூலம்தான் ஒப்பந்தம்.

## ஏன் சில மாதங்களில் மட்டும்?

கூத்து திறந்தவெளியில் நடப்பது. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஆட முடியாது. நடவு நேரத்தில் ஊர்க்காரர்களுக்கு ஓய்வு இருக்காது. அறுவடை முடிந்து கையில் கொஞ்சம் காசு புழங்கும்போது, நிலம் காய்ந்து கிடக்கும்போது, கோயில் திருவிழாக்கள் வரிசை கட்டும். தை, மாசியில் தொடங்கிப் பங்குனியில் சூடுபிடித்து ஆடி வரைக்கும் இது நீளும். இதுதான் சீசன். இந்த மாதங்களில் நல்ல ஜமாவின் ஆட்கள் ராத்திரி ஓர் ஊரில் ஆடிவிட்டு, காலையில் வேனிலேயே தூங்கி, மறுநாள் ராத்திரி இன்னோர் ஊரில் சலங்கை கட்டுவார்கள்.

சீசனின் நடு நாயகம் திரௌபதி அம்மன் திருவிழா. செஞ்சி அருகே மேலச்சேரியில் இருக்கும் கோயிலை ஆதிக் கோயில் என்று மதிக்கிறார்கள். ஆனால் வட மாவட்டங்களில் திரௌபதி அம்மனுக்குக் கோயில் உள்ள ஊர்கள் ஏராளம். திருவிழாவின்போது பிற்பகலில் பாரதப் பிரசங்கம் நடக்கும். பிரசங்கியார் வில்லிபுத்தூராழ்வாரின் பாரதத்திலிருந்து பாட்டைச் சொல்லி விளக்குவார். பிரசங்கத்தில் கேட்ட பாரதம் ராத்திரி கூத்தாக ஆடப்படும். பத்து ராத்திரியோ அதற்கு மேலோ, கதை வரிசைப்படி போகும்: வில் வளைப்பு, ராஜசூய யாகம், துகிலுரிதல், அர்ச்சுனன் தபசு, கிருஷ்ணன் தூது, அபிமன்யு சண்டை, கர்ண மோட்சம், கடைசியில் பதினெட்டாம் போர்.

பாரதம் மட்டும்தான் என்று இல்லை. அரிச்சந்திரன், இரணியன் கதைகளையும் ஆடுவார்கள். கருமாதிக்கு முந்தைய ராத்திரி கர்ண மோட்சம் ஆடச் சொல்லும் வழக்கமும் உண்டு. தகப்பனை இழந்த வீட்டு வாசலில் கர்ணன் சாவதைப் பார்த்து ஊரே அழும். துக்க வீட்டில் நாடகமா என்று கேட்பவர்கள் ஒருமுறை அங்கே உட்கார்ந்து பார்க்க வேண்டும். வீட்டார் வாய்விட்டு அழ முடியாமல் அடக்கிவைத்தது அந்த ராத்திரியில்தான் வெளியே வரும்.

## ஒரு ராத்திரி எப்படிப் போகிறது

சாயங்காலம் ஜமா வந்து இறங்கும். கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு கொட்டகையோ திண்ணையோ ஒப்பனைக்கு ஒதுக்கியிருப்பார்கள். சாப்பாடு ஊர்க்காரர்களுடையது. சாப்பிட்டு முடித்ததும் அவரவர் பெட்டியைத் திறந்து, சின்னக் கண்ணாடியை முன்னால் வைத்துக்கொண்டு அரிதாரம் பூசத் தொடங்குவார்கள். அரிதாரம் என்பது முகத்துக்கான வண்ணப்பூச்சு. வேஷக்காரர் தனக்குத் தானேதான் போட்டுக்கொள்வார். கிருஷ்ணனுக்குப் பச்சை, துரியோதனனுக்குச் சிவப்பு. அடிப்பூச்சு காய்ந்ததும் புருவம், மீசை, கன்னத்தில் புள்ளிகள் என்று கோடு கோடாக முகம் மாறிக்கொண்டே வரும். நிதானமாகச் செய்தால் ஒரு மணி நேரத்துக்குக் குறையாது.

அப்புறம் கட்டை. ராஜ வேஷங்களுக்கான கிரீடம், தோளில் நிற்கும் புஜக்கட்டை, மார்புப் பதக்கம் எல்லாம் எடை குறைந்த மரத்தில் செதுக்கியவை. மேலே வண்ணத் தாளும் கண்ணாடித் துண்டுகளும் ஒட்டியிருக்கும். எடை குறைவு என்றாலும் எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு, இடுப்பில் அகன்று விரியும் பாவாடையும் காலில் சலங்கையும் சேர்ந்தால் லேசில்லை. இன்னொருவர் பின்னால் நின்று கயிற்றை இறுக்கிக் கட்டிவிட வேண்டும். ஆடும்போது அவிழ்ந்தால் மானம் போய்விடும்.

பத்து மணி வாக்கில் மேளம் தொடங்கும். மிருதங்கம், தோலக், ஆர்மோனியம், தாளம், முகவீணை. முகவீணை என்பது நாதசுரத்தைவிடச் சிறிய ஊதுகருவி. அதன் கூர்மையான சத்தம் வயல் தாண்டிப் பக்கத்து ஊருக்கே எட்டும். இந்த மேளக்கட்டுதான் அறிவிப்பு. அதைக் கேட்டுத்தான் ஜனம் வீட்டிலிருந்து கிளம்பும். மேளக்காரர்களும் பின்பாட்டுக்காரர்களும் ஆடுகளத்தின் பின்பக்கம் பெஞ்சில் இருப்பார்கள். முன்னால் இருக்கும் வெற்று மண்தரைதான் மேடை. மூன்று பக்கமும் ஜனம்.

விநாயகர் பாட்டு முடிந்ததும் கட்டியக்காரன் வருவான். இந்த ஒருவனைப் புரிந்துகொண்டால் கூத்தில் பாதி புரிந்துவிடும். அரசன் வருகையைக் கட்டியம் கூறி அறிவிப்பவன், காவல்காரன், தூதன், கோமாளி எல்லாம் அவனே. கதைக்குள்ளும் நிற்பான், கதைக்கு வெளியே பாயில் உட்கார்ந்திருப்பவர்களோடும் பேசுவான். அஸ்தினாபுரத்துக்கு வழி கேட்டால் "அந்தத் தண்ணித் தொட்டி தாண்டி, பஞ்சாயத்து ரோடு குண்டும் குழியுமா இருக்கும் பாருங்க, அது வழியா" என்பான். ஊர் சிரிக்கும். பஞ்சாயத்துத் தலைவரும் வேறு வழியில்லாமல் சேர்ந்து சிரிப்பார். ராஜாவைக் கேள்வி கேட்கும் உரிமை அந்த ராத்திரியில் அவனுக்கு மட்டும்தான் உண்டு.

### திரையும் வருகையும்

பெரிய வேஷம் முதலில் நேராக மேடைக்கு வராது. இரண்டு பேர் ஒரு துணியைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். அதுதான் திரை. துரியோதனன் வருகை என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் துணிக்குப் பின்னாலிருந்து குரல் மட்டும் வரும். உச்ச சுருதியில் இழுத்துப் பாடும் ஒரு விருத்தம். துணிக்குமேல் கிரீடத்தின் நுனி தெரியும், கீழே சலங்கை கட்டிய கால் தெரியும். சலங்கை ஒருமுறை அதிரும், அடங்கும். மேளம் வேகமெடுக்கும். துணியின் ஓரத்தைப் பிடித்து உலுக்குவார், முகத்தில் பாதியைக் காட்டி மறைப்பார். தூங்கிக்கொண்டிருந்த பிள்ளைகள் எழுந்து உட்காரும் நேரம் இது. ஒரு கட்டத்தில் துணி சட்டென்று விலக, துரியோதனன் ஆடுகளத்தைச் சுற்றிக் கிறுகிறுவென்று சுழன்று வருவார். பாவாடை குடையாக விரியும். நல்ல நடிகர் இந்த வருகையை மட்டும் அரைமணி நேரம்கூட நீட்டுவார். யாரும் அவசரப்படுத்த மாட்டார்கள்.

வந்து நின்றதும் கட்டியக்காரன் கேட்பான்: "ஐயா, பார்த்தா பெரிய இடத்து ஆள் மாதிரி தெரியுது. தாங்கள் யாரோ?" "அடே காவலா, என்னைத் தெரியவில்லையா!" என்று தொடங்கி, துரியோதனன் தன் குலம், பெருமை, பகை எல்லாவற்றையும் சொல்வார். அறிமுகமும் ஆச்சு, கதை எங்கே நிற்கிறது என்று ஊருக்குச் சொன்னதும் ஆச்சு.

### ஒரே விஷயத்தை ஏன் மூன்று முறை சொல்கிறார்கள்?

முதல்முறை பார்ப்பவர்கள் அலுத்துக்கொள்ளும் இடம் இது. ஒரு செய்தி முதலில் விருத்தமாக வரும், அதாவது தாளக்கட்டு இல்லாமல் இழுத்துப் பாடும் செய்யுள். பிறகு தருவாக வரும், அதாவது தாளத்தோடு ஆடிப் பாடும் பாட்டு. பின்பாட்டுக்காரர்கள் அதன் அடியைத் திருப்பிப் பாடுவார்கள். கடைசியில் அதே செய்தி வசனமாக, பேச்சாக வரும்.

இது தேவையில்லாத நீட்டல் என்று நினைத்தால் கூத்தின் இயந்திரமே புரியாமல் போய்விடும். விருத்தம் பாத்திரத்தின் கம்பீரத்தை நிறுத்துகிறது. தருவில் ஆட்டமும் உணர்ச்சியும் வருகின்றன. வசனம் அதன் பொருளை இன்றைய பேச்சில் உடைத்துச் சொல்கிறது. எட்டு மணி நேர நாடகத்தில் எல்லோரும் எல்லா நிமிஷமும் விழித்திருக்க மாட்டார்கள். டீ குடிக்கப் போனவர் திரும்பி வந்தாலும், தூங்கி எழுந்தவர் கண்ணைக் கசக்கினாலும் கதையைப் பிடித்துக்கொள்ள முடிகிறது.

"வாய்க்கு வந்ததைப் பேசுகிறார்கள்" என்ற குற்றச்சாட்டுக்கும் பதில் இங்கேதான் இருக்கிறது. விருத்தமும் தருவும் ஏட்டில் உள்ளவை, பயின்று மனப்பாடமானவை, அதில் கைவைக்க முடியாது. வசனம்தான் நெகிழும். கூட்டம் சிரித்தால் நகைச்சுவை நீளும், சோர்ந்தால் சண்டை சீக்கிரம் வரும். எதை எவ்வளவு நீட்டலாம் என்று தெரிந்துகொள்ள வருஷங்கள் ஆகும். கர்ணன் சாவு விடியற்காலையில் வந்து விழ வேண்டும். அதற்கு ஏற்ற மாதிரி ராத்திரி முழுக்க ஓட்டத்தைக் கூட்டிக் குறைத்துக் கொண்டுபோவது வாத்தியாரின் வித்தை.

அந்தக் கர்ண மோட்சத்தில் கர்ணனின் மனைவி பொன்னுருவி வருகிறாள். அவனுடைய பிறப்பைச் சொல்லி இழிவாகப் பேசுகிறாள். போருக்குக் கிளம்பும் கர்ணன் அவளிடம் விடைபெற வரும் காட்சிக்காகவே காத்திருப்பவர்கள் உண்டு. வியாச பாரதத்தில் இவளைத் தேட வேண்டாம், கிடைக்கமாட்டாள். பிறப்பால் ஒருவனைத் தாழ்த்துவது என்றால் என்ன என்று நன்றாகத் தெரிந்த ஜனங்கள் முன்னால் ஆடப்படும் காட்சி அது. கூத்துப் பாரதத்துக்குத் தனிப் பார்வை உண்டு என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

சுருக்கமாக: மேளக்கட்டு, கட்டியக்காரன், திரை வருகை, பிறகு விருத்தம், தரு, வசனம் என்ற சுழற்சி. பாட்டு நிலையானது, பேச்சு நெகிழ்வது. ராத்திரி முழுவதும் இந்தச் சக்கரம்தான் சுற்றுகிறது.

## கதை மேடையை விட்டு இறங்கும் நேரங்கள்

சில காட்சிகள் ஆடுகளத்துக்குள் அடங்குவதில்லை. அர்ச்சுனன் தபசு அன்று உயரமான பனைமரத் தண்டை நட்டுப் படிகள் வைத்திருப்பார்கள். அர்ச்சுனன் வேஷக்காரர் ஒவ்வொரு படியாகப் பாடிக்கொண்டே உச்சிக்கு ஏறுவார். மேலிருந்து அவர் போடும் வில்வ இலை, எலுமிச்சம்பழம் எல்லாவற்றையும் பிடிக்கக் கீழே பெண்கள் முந்தானையை விரித்து நிற்பார்கள். குழந்தைப் பேறு வேண்டி நிற்பவர்கள் அவர்கள்.

துகிலுரிதல் காட்சியைக் கூத்துக்காரர்கள் விளையாட்டாக எடுத்துக்கொள்வதில்லை. துச்சாதனன் வேஷக்காரர் கற்பூரம் ஏற்றி, அம்மனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்ட பிறகே திரௌபதியின் சேலையில் கைவைக்கும் வழக்கம் உண்டு.

கடைசி நாள் காலை படுகளம். ஊர் மைதானத்தில் துரியோதனனை மண்ணால் பிரம்மாண்டமாகப் படுத்த நிலையில் செய்து வைத்திருப்பார்கள். ராத்திரி ஆடிய பீமனும் துரியோதனனும் அதே வேஷத்தோடு வெயிலில் அந்த மண் உருவத்தைச் சுற்றித் துரத்திக்கொண்டு ஓடுவார்கள். பீமன் தொடையில் அடிக்க, அங்கே புதைத்து வைத்த செந்நீர் பீறிடும். அதை எடுத்துப் பூசித் திரௌபதி கூந்தல் முடிப்பாள். துரியோதனன் மனைவி பெருந்திருவாள் வந்து ஒப்பாரி வைப்பாள். சாயங்காலம் தீமிதி. படுகளத்தில் யார் நடிகர், யார் பக்தர், எங்கே நாடகம் முடிந்து சடங்கு தொடங்குகிறது என்று கோடு போட முடியாது. போடத் தேவையும் இல்லை.

## தெற்கே வேறொரு ஏற்பாடு

மதுரை, புதுக்கோட்டை, திண்டுக்கல், காரைக்குடிப் பக்கம் போனால் கிராமத்து ராத்திரிகளை ஆள்வது ஸ்பெஷல் நாடகம். சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) எழுதிய நாடகங்கள்தான் அதன் அடித்தளம். வள்ளி திருமணம், பவளக்கொடி, அரிச்சந்திரா போன்றவை இன்றும் ஓடுகின்றன.

கூத்தில் ஜமாவையே மொத்தமாக அழைப்பார்கள். ஸ்பெஷல் நாடகத்தில் ஒவ்வொரு கலைஞரையும் தனித்தனியாக அழைப்பார்கள். ராஜபார்ட் (கதாநாயகன்) ஓர் ஊரிலிருந்து, ஸ்திரீபார்ட் (கதாநாயகி) இன்னோர் ஊரிலிருந்து, பபூன் (கோமாளி), டான்ஸ், ஆர்மோனியம், மிருதங்கம் எல்லாம் வெவ்வேறு இடங்களிலிருந்து வருவார்கள். சேர்ந்து ஒத்திகை பார்ப்பது கிடையாது. எல்லோருக்கும் நாடகமும் பாட்டும் அத்துப்படி என்பதால் மேடையிலேயே சந்தித்து ஆடிவிடுவார்கள். வள்ளியும் நாரதரும் தர்க்கத்தில் இறங்கினால் ஒருவரை ஒருவர் மடக்கும் சாமர்த்தியத்தில் மணி போவதே தெரியாது. நடிகர் சங்கங்கள் ஊர் ஊராக இருந்து தேதிகளையும் ஒழுங்கையும் பார்த்துக்கொள்கின்றன. சுவர்களில் ஒட்டும் நோட்டீஸில் ஒவ்வொரு கலைஞரின் படமும் பெயரும் பெரிதாக இருக்கும். கூப்பிட்டவர்கள் எந்தக் கலைஞர்களைக் கொண்டுவந்தார்கள் என்பதுதான் ஊர்ப் பேச்சு.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. ஸ்பெஷல் நாடகத்தில் பெண்கள் வெகுகாலமாக மேடையில் இருக்கிறார்கள். கூத்தில் பெண் வேஷமும் ஆண்களுடையதாகவே இருந்தது. காஞ்சிபுரத்தில் கூத்துக் கலைஞர் பெ. ராஜகோபாலும் மற்றவர்களும் 1990-இல் தொடங்கிய கட்டைக்கூத்துச் சங்கமும், அதன்வழி 2002-இல் காஞ்சிபுரம் அருகே தொடங்கிய குருகுலமும் பெண்பிள்ளைகளுக்கும் கூத்துக் கற்றுக்கொடுத்தன. பெண்கள் கட்டை கட்டித் துரியோதனனாக நின்றது சின்ன விஷயமல்ல.

## நகரத்து மேடைக்குப் போன பாதை

திருவண்ணாமலை மாவட்டத்துப் புரிசை ஊரில் கூத்தாடும் தம்பிரான் பரம்பரை பலருக்கும் தெரிந்திருக்கும். நாடகாசிரியர் நா. முத்துசாமி 1977-இல் சென்னையில் தொடங்கிய கூத்துப்பட்டறை என்ற நாடகக் குழுவுக்கு, நவீன நாடக நடிகர்களுக்குப் பயிற்சி தர, புரிசை கண்ணப்பத் தம்பிரான் வந்தார். ஜெர்மானிய நாடகாசிரியர் பிரெக்டின் நாடகம்கூடக் கூத்து வடிவத்தில் மேடையேறியது. தமிழ் நவீன நாடகத்து உடல்மொழியில் பாதி அந்தச் சந்திப்பிலிருந்து வந்தது என்பது என் கணிப்பு. கண்ணப்பத் தம்பிரான் நினைவாகப் புரிசையில் நாடக விழாவும் நடத்துகிறார்கள். நகரத்து நாடகக்காரர்கள் கிராமத்துக்குப் போய் ஊர்க்காரர்கள் முன்னால் ஆட வேண்டிய விழா அது. அந்த ஜனங்கள் கூத்து பார்த்து வளர்ந்தவர்கள், லேசில் கைதட்ட மாட்டார்கள்.

## அப்படியென்றால் பிரச்சினையே இல்லையா?

இருக்கிறது. "அழிகிறது" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வதால் அந்தப் பிரச்சினைகள் கண்ணுக்குத் தெரியாமல் போகின்றன. அதனால்தான் அந்த வரிமேல் எனக்குக் கோபம்.

முதலாவது சட்டம். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி ராத்திரி 10 மணியிலிருந்து காலை 6 மணிவரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. மாநில அரசு வருஷத்தில் 15 நாட்களுக்கு மிகாமல், நள்ளிரவு 12 மணிவரை மட்டும் தளர்த்தலாம். கூத்து தொடங்குவதே பத்து மணிக்கு. ஒவ்வோர் ஊரிலும் காவல்நிலைய அனுமதிக்கு அலைய வேண்டியிருக்கிறது, அனுமதி கிடைத்தாலும் நடுவில் நிறுத்தச் சொல்வார்களோ என்ற பயத்தோடே ஆட வேண்டியிருக்கிறது. விடியும்வரை நடக்கும் கலையைச் சுருக்கி மூன்று மணி நேரமாக்கினால் கர்ணன் நள்ளிரவில் செத்துவிடுவான். அப்புறம் அது வேறு நாடகம்.

இரண்டாவது, வருமானம் முழுக்க ஒரே சீசனை நம்பி இருப்பது. 2020 மார்ச் கடைசியில் ஊரடங்கு வந்தது பங்குனியில். சீசன் அப்போதுதான் சூடுபிடிக்கும். 2021 மே மாதமும் அதேபோல் ஆனது. இரண்டு சீசன் அடுத்தடுத்துப் போனால் முன்பணக் கணக்கில் ஓடும் ஜமா என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். காஞ்சிபுரம் குருகுலமும் 2020-இல் மூடப்பட்டது. 2007-இல் தொடங்கிய நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியம் உதவித்தொகை, ஓய்வூதியம் போன்றவற்றுக்கு வழி செய்கிறது. ஆனால் பதிவு செய்துகொண்டவர்களுக்குத்தான் அது.

மூன்றாவது, அடுத்த தலைமுறை. பள்ளிக்கூடம் போகும் பிள்ளை ராத்திரி முழுக்க ஆட முடியாது, ஆடினால் படிப்புப் போகும். முன்பு பத்து வயதிலேயே ஜமாவோடு போய்க் கற்றார்கள். அந்த வழி அடைபடுவது நல்லதுதான், ஆனால் அதற்குப் பதிலாக வேறு வழி இன்னும் சரியாக அமையவில்லை. கூத்துக்கு உண்மையிலேயே வேண்டியது பாராட்டுக் கூட்டங்கள் அல்ல, பள்ளியோடு ஒத்துப்போகும் பயிற்சி இடங்கள்.

## முதல்முறை பார்க்கப் போகிறவர்களுக்கு

சித்திரையிலிருந்து ஆடி வரை எந்த வார இறுதியும் சரிதான். செய்யாறு, வந்தவாசி, ஆரணி, உத்திரமேரூர், திண்டிவனம் பக்கம் சுவரில் ஒட்டியிருக்கும் திருவிழா நோட்டீஸைப் பாருங்கள். என்றைக்கு என்ன கூத்து என்று அதில் இருக்கும். முதல்முறை என்றால் கர்ண மோட்சம் அல்லது துகிலுரிதல் நல்ல தேர்வு. கதையை முன்னதாக ஒருமுறை படித்துக்கொள்ளுங்கள், விருத்தம் உடனே புரியாவிட்டாலும் வசனத்தில் பிடித்துக்கொள்ளலாம்.

பத்து மணிக்கே போய்விடுங்கள், மேளக்கட்டைத் தவறவிடாதீர்கள். உட்கார ஒரு பாயோ போர்வையோ எடுத்துப்போங்கள். நடுவில் தூக்கம் வந்தால் தூங்கலாம், அங்கே யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள். சண்டைக்கோ திரை வருகைக்கோ பக்கத்தில் இருக்கும் ஆயாவே தட்டி எழுப்பிவிடுவார். ஒப்பனைக் கொட்டகையில் படம் எடுக்க வேண்டுமானால் வாத்தியாரிடம் கேட்டுவிட்டு எடுங்கள். பிடித்த நடிகருக்கு அன்பளிப்புக் கொடுக்கும்போது உங்கள் ஊரையும் சேர்த்துச் சொல்லுங்கள், கட்டியக்காரன் அதை வைத்து ஒரு வசனம் சேர்த்துவிடுவான்.